இரண்டு பிள்ளையாருக்கு நடுவில் ஒரு வீடு

மக்கா, இதைப் போனில் சொல்லத்தான் பார்த்தேன். நீ "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டாய். நீ அப்புறம் கூப்பிடும்போது எனக்குக் கோபம் ஆறியிருக்கும், சாப்பிட்டாயா, சளி விட்டதா என்று கேட்டுவிட்டு நானும் வைத்துவிடுவேன். கோபம் ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டிய விஷயம் இது. அதனால்தான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் பின் தெருவில் இருக்கிற உன் சுப்பையா சித்தப்பாவிடம் படித்துக் காட்டப்போகிறேன். தெருவில் வேறு யாராவது கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன். ரகசியமாக நடந்த காரியம் ஒன்று போதும், அதற்கு மேல் ரகசியமாக ஒரு கடிதம் வேறு வேண்டாம்.

போன வாரம் நகராட்சி ஆபீசுக்குப் போயிருந்தேன். தண்ணீர் வரி கவுண்டரில் இத்தனை வருஷம் உட்கார்ந்து எழுந்தவளுக்கு ரிட்டையர் ஆன பிறகும் அந்தப் பக்கம் போனால்தான் பொழுது போனதாகத் தோன்றும் என்று நீயே கிண்டல் செய்வாய். மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஊர் வளர்ந்துவிட்டது, இனி புது ரோடுகள் எங்கெங்கே வரவேண்டும் என்று போட்ட படம். ஜனங்கள் பார்த்து ஆட்சேபணை இருந்தால் மனு கொடுக்கலாம் என்று கீழே எழுதியிருந்தது. கவுண்டரில் என் இடத்தில் இப்போது உட்காரும் பெண் எழுந்து வந்து, "மேடம், இது மெட்ராஸ்ல உங்க மகன் ஆபீசுல போட்டதுதான? நாங்க எல்லார்ட்டயும் சொல்லுதோம்" என்றது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன்.

முதலில் கோயிலைக் கண்டுபிடித்தேன். அப்புறம் ரத வீதிகள். அங்கிருந்து ராஜபாளையம் ரோட்டைப் பிடித்து விரலை நகர்த்திக்கொண்டே போய் நம் தெருவுக்குள் திரும்பினேன். நம் தெருவில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. நேராக வந்த கோடு நம் வீட்டுக்கு முன்னால் வந்ததும் இடதுபக்கம் ஒடிந்து, காலி மனையைத் தாண்டி, சுப்பையா சித்தப்பாவின் தறிக்கூடத்து மேலே ஏறி, மறுபடியும் ஒடிந்து பின் தெருவில் போய்ச் சேர்ந்தது. பின் தெரு வழியாக அது கழுகுமலை ரோட்டுக்குப் போகிறது. நம் வீட்டின் மேல் ஒரு பொட்டு மை கூட இல்லை.

என் மனதில் முதலில் வந்தது நிம்மதிதான். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றதை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. வீடு தப்பித்தது என்று நினைத்துக்கொண்டே வந்து, பூ மார்க்கெட் பக்கம் நின்று ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கி, நம் முன்சுவர்ப் பிள்ளையாருக்குச் சாத்தினேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் நீ போன மாதம் போனில் சொன்னது ஞாபகம் வந்தது. "எம்மா, ரோடு கீடுன்னு யாராவது வந்து சொன்னா பயப்படாத. நம்ம வீட்டுக்கு ஒண்ணும் வராது. அதை நான் பாத்துக்கிட்டேன்." அப்போது அது எனக்குப் புரியவில்லை. தட்டில் கை வைத்தபடி அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

அந்த வீடு நமக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். கரிசல் காட்டை வெட்டிக் கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டி மனை விற்க ஆரம்பித்த காலம் அது. தெரு நேராக வந்து முட்டுகிற அந்தக் கடைசி மனையை யாரும் தொடவில்லை. தெருக்குத்து மனையில் வீடு கட்டினால் குடும்பம் விளங்காது என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பதில் மாதிரி. உன் அப்பா கவர்மெண்ட் பஸ் டிரைவர். "தினமும் ரோட்டுலதான் கெடக்கேன். ரோடு என்னய என்ன செஞ்சிரும்?" என்று சொல்லி அந்த மனையை வாங்கினார். சொன்னாரே தவிர உள்ளுக்குள் பயம் இருந்தது. வீடு எழும்புவதற்கு முன்பே காம்பவுண்டுச் சுவரில் மாடம் வைத்து, தெருவைப் பார்த்தபடி ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். வருகிற தெருவைப் பிள்ளையார் தடுத்துக்கொள்வார் என்று கணக்கு.

பிற்பாடு நமக்குப் பின்பக்கம் வேறொரு ஆள் மனை போட்டான். அவனுடைய தெருவும் நேராக வந்து நம் பின்சுவரில் முட்டியது. நம் ஊர் வளர்ந்த லட்சணமே அதுதான். ஒவ்வொருத்தனும் தன் நிலத்துக்குள்ளே மட்டும் ரோடு போட்டான், அடுத்தவன் எல்லைக் கல்லைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். கடையநல்லூரிலிருந்து வளைகுடாப் பணம் வந்தது, மேலநீலிதநல்லூர் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் படிக்கவைக்க வந்தார்கள், எல்லாரும் வீடு கட்டினார்கள், ஒரு தெருவும் இன்னொரு தெருவோடு பேசிக்கொள்ளவில்லை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை என்று என் கவுண்டரில் வந்து சண்டை பிடிப்பார்கள். லாரி எப்படி வரும், திரும்ப இடமில்லாத தெருவில் நுழைந்தால் பின்னாலேயே ஊர்ந்து வெளியே போகவேண்டும். உன் அப்பா ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ரத வீதியைச் சுற்றி பஸ்ஸைத் திருப்பிவிட்டு வந்தால் அன்றைக்கு முழுதும் யாரிடமும் பேசமாட்டார்.

பின் தெருக்காரர்கள் ஒருநாள் நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் நம் பின்சுவரில் அவர்கள் பங்குக்கு ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டார்கள். அப்பா சண்டைக்குப் போனார். சுப்பையாதான் அன்றைக்கு முன்னால் வந்து நின்றார். "அண்ணாச்சி, உங்க வீட்டுக்குத்தான ரெட்டைக் காவல். இதுல என்ன நஷ்டம்?" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிலிருந்துதான் அவர் உனக்குச் சித்தப்பா ஆனார், நான் அவருக்கு மைனி ஆனேன். சதுர்த்தி வந்தால் எந்தத் தெருக் கொழுக்கட்டை பெரிது என்று இரண்டு தெருவுக்கும் போட்டி. இரண்டு பிள்ளையாரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க, நடுவில் நாம் மூன்று பேரும் சமைத்து, சாப்பிட்டு, தூங்கினோம்.

முத்துலட்சுமி விஷயம் உனக்கு மறந்திருக்காது. சுப்பையாவின் மகள், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். விடாமல் மழை. கழுகுமலை ரோட்டில் பெரிய புளியமரம் ஒன்று குறுக்கே விழுந்து ஆம்புலன்ஸ் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பின் தெருவிலிருந்து வெளியே போக வேறு வழி கிடையாது. வலி முற்றி அந்தப் பெண் கத்துகிற சத்தம் நம் அடுப்படிக்குக் கேட்டது. அப்பா ஓடிப்போய் நம் தெருமுனையில் ஒரு ஆட்டோவை நிறுத்திவைத்தார். நான்கு பேர் அவளைக் கட்டிலோடு தூக்கி நம் பின் கதவு வழியாக நுழைந்து, அடுப்படி, பட்டாசாலை எல்லாம் தாண்டி முன் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். தரையெல்லாம் சகதி. அன்றைக்கு நம் வீடுதான் ரோடு. பிறந்த பிள்ளை இப்போது ப்ளஸ் டூ படிக்கிறது. போகிறபோது வருகிறபோது என்னை ஆச்சி என்று கூப்பிட்டு ஒரு நிமிஷமாவது நின்றுவிட்டுத்தான் போகும்.

அந்தச் சுப்பையா முந்தாநாள் காலையில் வந்தார். சட்டைப் பையில் வெள்ளைப் பேப்பர் மடித்து வைத்திருந்தார். நம் பக்கத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தானே வருவார்கள்.

"மைனி, நீங்கதான் எழுதித் தரணும். தறிக்கூடத்து மேல ரோடு போகுதாம். மெட்ராஸ்ல எவனோ ஏசி ரூமுல இருந்துக்கிட்டு கோடு போட்டுருக்கான். உள்ள தறி ஓடுதா, ஆளு இருக்கா, என்ன எளவு தெரியும் அவனுக்கு?"

நான் பேப்பரை வாங்கினேன். பெறுநர், அனுப்புநர் எல்லாம் எழுதினேன். பொருள் என்று எழுதியதற்கு மேல் கை ஓடவில்லை. "என்ன மைனி, மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். கோடு போட்டது என் மகன்தான் என்றேன். நேராக வந்திருந்தால் இந்த வீட்டின் மேல்தான் போயிருக்கும், அதனால்தான் ஒடித்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். திட்டவில்லை, நான் எழுதிய பேப்பரை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நம்ம தம்பியா போட்டது? அப்பம் மனு வேண்டாம் மைனி. எழுதிக் குடுத்தா வெசாரண அது இதுன்னு வரும். பிள்ளைக்கு வேலையில எதுவும் ஆயிரக் கூடாது. இப்பத்தான் தலையெடுத்து வாரான்."

"அப்போ தறி?"

"வேற எங்கனயாவது வாடகைக்குப் பாக்க வேண்டியதுதான். முன்ன வாடகைக்கு ஓட்டலையா?"

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மக்கா, அவர் போன பிறகு நான் அழுதேன். உன் அப்பா போனதற்குப் பிறகு அப்படி அழுதது அன்றைக்குத்தான். வாடகைத் தறியில் பாதி வயசைத் தொலைத்த மனுஷன். சொந்தக் கூரைக்குக் கீழே தறி ஓடவேண்டும் என்பதற்காக மகள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நல்ல வேட்டி எடுத்துக் கட்டியதில்லை. உனக்காக அதை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார். நீ அவருடைய தறிக்கூடத்தைக் கேட்டு வாங்கவில்லை. கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை என்று இப்போது நினைக்கிறேன். ஒரு கோடு போட்டு எடுத்துக்கொண்டாய்.

அன்று சாயங்காலம் உன்னிடம் போனில் கேட்டேன். நீ பதற்றப்படவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எம்மா, தறிக்கூடம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதுக்கு முறையா அப்ரூவலும் கெடையாது. குடியிருக்க வீடுன்னா இழப்பீடு ஜாஸ்தி, கேஸ் போடுவாங்க. எல்லாத்தையும் பாத்துத்தான் அலைன்மென்ட் போட்டுருக்கு" என்றாய். நீ சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருக்கலாம். படித்தவன் நீ. எனக்குத் தெரிந்து நீ பொய் சொல்லவில்லை. ஆனால் மக்கா, அந்த வீட்டுக்குள் நான் இல்லாமல் முன்பின் தெரியாத ஒரு கிழவி இருந்திருந்தால், இந்தக் கணக்கு எல்லாம் உனக்கு இதே வரிசையில் ஞாபகம் வந்திருக்குமா? இதைக் கேட்டதும்தான் நீ மீட்டிங் என்று சொல்லி வைத்தாய்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் நீ கெட்டவன் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. பெற்ற தாய் குடியிருக்கிற வீட்டின் மேல் சிவப்பு மையை வைக்க எந்தப் பிள்ளைக்கும் கை வராது. வந்தால்தான் நான் கவலைப்பட வேண்டும். நீ செய்த தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கோடு நம் தெருவுக்குள் திரும்பிய அன்றைக்கே நீ உன் மேலதிகாரியிடம் போய், "இதுக்கு மேல என் வீடு வருது சார், இந்தப் பகுதியை வேற யார்ட்டயாவது குடுங்க" என்று எழுந்து வந்திருக்க வேண்டும். இனிமேலும் உன் வேலையில் இது வரும். மாமனார் நிலம் வரும், சிநேகிதன் கடை வரும், உனக்கு உதவி செய்தவர்களின் தோப்பு வரும். அப்போதெல்லாம் உன்னால் நியாயமாக இருக்க முடியுமா முடியாதா என்று உன்னையே சோதித்துக்கொண்டிருக்காதே. பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடு. நான் கவுண்டரில் இருந்தபோது நம் வீட்டு மீட்டர் சம்பந்தமாக எதையும் நான் எழுதமாட்டேன், பக்கத்து சீட்டில் கொடுத்துவிடுவேன். அது பெரிய யோக்கியத்தனம் ஒன்றும் இல்லை, ராத்திரி தூக்கம் கெடக்கூடாது என்பதற்காகத்தான்.

இதையெல்லாம் எழுதுகிறவள் தைரியசாலி என்று நினைத்துவிடாதே. எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா மூச்சை விட்டது அந்த நடு அறையில்தான். தெருக்குத்து வீடு, அதான் காவு வாங்கிவிட்டது என்று துட்டி கேட்க வந்த இடத்திலேயே என் காதுபடப் பேசினார்கள். நான் அந்த வீட்டை விடாமல் இருந்ததற்கு ஆசை ஒரு காரணம், அந்தப் பேச்சின் மேலிருந்த வைராக்கியம் இன்னொரு காரணம். இப்போது அதே தெரு அதே வீட்டின் மேல் ஏறப்போகிறது என்றால், பார்த்தாயா நாங்கள் அன்றைக்கே சொன்னோம் என்பார்கள். சொல்லட்டும். அவர்களுக்குப் பதில் சொல்ல இன்னொருத்தன் கூரையைப் பிரித்துக் கொடுக்க என்னால் முடியாது. உன் ஃபிளாட்டுக்கு வா என்று கூப்பிடாதே, வரமாட்டேன். அங்கே ஜன்னலைத் திறந்தால் அடுத்த ஜன்னல்தான் தெரிகிறது. இங்கேயே ஒரு வாடகை வீடு பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று நகராட்சியில் என் கையாலேயே ஒரு மனு கொடுத்துவிட்டேன். இரண்டு தெருவும் நேருக்கு நேராக இருப்பதால் ரோட்டையும் நேராகவே கொண்டுபோகலாம், இடையில் இருக்கும் வீட்டின் உரிமையாளரான எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருக்கிறேன். உன் பெயரை எழுதவில்லை. கோடு ஏன் ஒடிந்தது என்றும் எழுதவில்லை. அதை எழுத வேண்டியவன் நீ. மனு அங்கே இங்கே சுற்றி உன் ஆபீசுக்கு வந்து சேர்வதற்குள் நீயாகப் போய்ச் சொல்லிவிடு. வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாது என்று உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்தப் பிள்ளையாரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளையார் என்றதும் ஞாபகம் வருகிறது. இன்று காலை ஐயரைக் கூப்பிட்டு, இரண்டு பிள்ளையாரையும் தற்காலிகமாக இடம் மாற்றுகிற பாலாலயம் செய்துவிட்டேன். வீட்டை இடிக்க எத்தனையோ காலம் ஆகலாம், திட்டம் பெட்டிக்குள்ளேயே கிடந்தாலும் கிடக்கும். ஆனால் பிள்ளையார் இருக்கிற வரைக்கும் அந்தச் சுவரில் யாரும் கை வைக்கமாட்டார்கள், அதைக் காரணம் காட்டி நானே நாளைக்கு மனசு மாறினாலும் மாறுவேன். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் அவசரப்பட்டேன். கும்பம் வைத்து, உத்தரவு கேட்டு, இரண்டு பேரையும் மாடத்திலிருந்து எடுத்து, புது இடம் கிடைக்கிற வரை வைத்திருக்கச் சொல்லி சுப்பையாவின் தறிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். சுப்பையா வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றார். "மைனி, இது நல்லாயில்ல. நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார். "நீங்க கேக்கல தம்பி, அதுதான் வெவகாரமே. வழிய விடுங்க" என்றேன். ஒதுங்கி நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும் இப்போது ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தறி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பால்காரர் பழக்கத்தில் வெறும் மாடத்துக்கு முன்னால் வந்து செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

முத்துலட்சுமியைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு, யாரும் சொல்வதற்கு முன்பே ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்தவன் நீ. காற்றில் சாத்திக்கொள்ளக் கூடாதென்று அம்மிக் குழவியை உருட்டிக்கொண்டு வந்து முட்டுக் கொடுத்தாய். அப்புறம் முன் கதவுக்கு ஓடினாய். கட்டில் போகிற வழியில் உன் புஸ்தக மேஜை நின்றது, அதை நீயே இழுத்துத் தள்ளினாய். புஸ்தகமெல்லாம் சகதியில் விழுந்தது, நீ குனிந்து பார்க்கக்கூட இல்லை. எந்த வழி நேர்வழி என்று அன்றைக்கு உனக்குத் தெரிந்திருந்தது. ரெண்டு கதவையும் இன்று நான் திறந்துதான் வைத்திருக்கிறேன். நீ வந்து நின்று பார், முன் தெருவிலிருந்து பின் தெரு தெரிகிறது.

அம்மா